பிழைப்பும் விசுவாசமும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

காட்பாடியிலிருந்து வேலூருக்குள் வரும்போது சுவரொட்டிகளைப் படித்துக்கொண்டே வந்தால், விசுவாசம் என்பது ஏதோ ஒரு சாவி என்று தோன்றிவிடும். போட்டுத் திருப்பினால் கடன் தீரும், வியாதி போகும், விசா வரும். கிறிஸ்துவைப் பின்பற்றப் புதிதாக ஆரம்பித்தவர் முதலில் கழற்றி வைக்க வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். இது போகாமல் மற்றது எதுவும் சரியாக உட்காராது.

"தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்கிறது ஆபகூக் 2:4. புதிய ஏற்பாட்டில் பல கடிதங்களை எழுதிய பவுல் இதை ரோமர் 1:17-லும் கலாத்தியர் 3:11-லும் எடுத்தாள்கிறார். எபிரெயர் 10:38-லும் வருகிறது. இங்கே "பிழைப்பான்" என்ற சொல் விழுந்திருப்பது நமக்கு நல்லதாகப் போயிற்று. "பொழப்பு எப்படிப் போவுது?" என்று நலம் விசாரிக்கிற ஊர் இது. சாவிலிருந்து தப்புவதும் பிழைப்புதான், அன்றாடம் வேலைக்குப் போய் வந்து உலை வைப்பதும் பிழைப்புதான்.

அந்த வசனத்தில் விசுவாசம் என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் எமுனா. இதே சொல் யாத்திராகமம் 17:12-லும் வருகிறது. அமலேக்கியரோடு இஸ்ரவேலருக்கு யுத்தம் நடக்கிறது; மோசே கையை உயர்த்தியிருக்கும் வரைதான் இஸ்ரவேலர் மேற்கொள்கிறார்கள், ஆனால் அவர் கைகள் அசந்துபோகின்றன. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைக்கிறார்கள்; ஆரோனும் ஊர் என்ற பெயருடைய இன்னொருவரும் இரண்டு பக்கமும் நின்று கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும் வரைக்கும் கைகள் "ஒரே நிலையாயிருந்தது" என்று நம் வேதாகமம் சொல்லும் இடத்தில்தான் எமுனா இருக்கிறது. நெஞ்சுக்குள் பொங்குகிற உணர்ச்சியைக் காட்டிலும், அசையாமல் நிற்பதற்குத்தான் அந்தச் சொல் நெருக்கம். அப்படி நிற்க மோசேக்கே ஒரு கல்லும் இரண்டு ஆட்களும் தேவைப்பட்டார்கள். இனி வரும் படிகள் எல்லாம் அந்தக் கல்லையும் அந்த இரண்டு பேரையும் தேடிக்கொள்வதற்கான வழிகள்.

தொடங்கும் முன் ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஜெபிப்பது, வாசிப்பது, காணிக்கை போடுவது எதுவும் கடவுளிடம் கட்டும் தவணை அல்ல. வேலை செய்தவனுக்கு வருவது கூலி, அது கொடுப்பவன் தீர்க்க வேண்டிய கடன் என்று ரோமர் 4:4 பிரித்துக் காட்டுகிறது. எபேசியர் 2:8 மீட்பை "தேவனுடைய ஈவு" என்கிறது. இயேசு சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்ததால் வந்ததை ஏற்றுக்கொள்வதுதான் தொடக்கம். "இத்தனை நாள் உபவாசம் இருந்தேன், இன்னும் கொடுக்கவில்லையே" என்று மனம் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால், ஈவைக் கூலியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். புதியவர்கள் சோர்ந்து விலகுவதற்கு இது பெரிய காரணம்.

முதலில் சபை

வீட்டில் கைப்பேசியில் பிரசங்கம் கேட்டே விசுவாச வாழ்க்கை நடத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கைப்பேசி கையைத் தாங்காது.

இந்தப் பக்கத்தில் தேர்ந்தெடுக்கச் சபைகளுக்குக் குறைவில்லை. அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காட்டு மிஷன் 1853-ல் ஆரம்பித்த வேலையின் தொடர்ச்சி இன்றைக்குத் தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில் இருக்கிறது, பல சபைப் பிரிவுகள் இணைந்து 1947 செப்டம்பர் 27-ல் உருவான திருச்சபை அது. ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனால் லுத்தரன் சபைகள். கத்தோலிக்கருக்கு வேலூரிலேயே மறைமாவட்டம் உண்டு. தெருவுக்கு ஒன்றாகப் பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகள். பழக்கங்கள் மாறும்: சி.எஸ்.ஐ.யில் போதகரை ஆயர் என்றோ ஐயர் என்றோ சொல்வார்கள், பெந்தெகொஸ்தே சபையில் பாஸ்டர் ஐயா, கத்தோலிக்கரிடம் ஃபாதர். ஒரு இடத்தில் ஞானஸ்நானம் என்பது இன்னொரு இடத்தில் திருமுழுக்கு.

ஒரு சொல் மட்டும் உண்மையிலேயே குழப்பும். பழைய திருப்புதல் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 13:13 "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று போகும். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் அதே மூன்றும் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". ஒருவர் நம்பிக்கை என்றால் மற்றவர் விசுவாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும் வாக்குவாதம் செய்வதுண்டு.

ஒரு சபைக்குத் தொடர்ந்து நான்கு ஞாயிறு போய்ப் பாருங்கள். ஒரு வாரத்தில் பாட்டும் குரலும்தான் தெரியும். நான்கு வாரத்தில் ஆட்கள் தெரிவார்கள். பார்க்க வேண்டியவை சில. பிரசங்கம் வேதபகுதியை விளக்குகிறதா, அல்லது ஒரு வசனத்தைத் தொட்டுவிட்டுப் போதகரின் புகழுக்குத் தாவுகிறதா? வருடக் கணக்கு சபையார் முன் வாசிக்கப்படுகிறதா? போதகரிடம் கேள்வி கேட்டால் பதில் வருகிறதா, "ஊழியக்காரனை எதிர்க்கிறாய்" என்ற பயமுறுத்தல் வருகிறதா? பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குக் காலடியும் கொடுப்பதை யாக்கோபு 2:2-3 கண்டிக்கிறது. காரில் வருபவருக்கும் பஸ்ஸில் வருபவருக்கும் கிடைக்கும் வரவேற்பைக் கவனியுங்கள். சாதியையும் கவனியுங்கள். பீடத்தில் "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று" என்று சொல்லிவிட்டுக் கல்யாணப் பேச்சிலும் கல்லறைத் தோட்டத்திலும் வேறு கணக்குப் போடும் சபைகள் இல்லாமல் இல்லை. குறையில்லாத சபை கிடைக்காது. ஆனால் கணக்கை மறைப்பதும், மருந்தை நிறுத்தச் சொல்வதும், குடும்பத்தாரோடு பேச்சை அறுக்கச் சொல்வதும் சாதாரணக் குறைகள் அல்ல; இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எழுந்து வந்துவிடலாம்.

பிடித்துவிட்டால் குறைந்தது ஒரு வருடம் அங்கேயே இருங்கள். இந்த ஞாயிறு இங்கே, அடுத்த ஞாயிறு அங்கே என்று திரிபவரை யாருக்கும் தெரியாது. அவர் இரண்டு மாதம் வராமல் போனாலும் யாரும் தேட மாட்டார்கள். அந்த வருடத்துக்குள் இரண்டு பேரைக் கண்டுபிடிக்க வேண்டும்: உங்கள் பலவீனத்தைச் சொன்னால் அடுத்த நாள் தெருவுக்குத் தெரியாமல் வைத்திருக்கக் கூடிய இரண்டு பேர். ஆண்கள் ஆண்களிடமும் பெண்கள் பெண்களிடமும் பேசுவது நல்லது. வீட்டு ஜெபக்கூட்டங்களில் இப்படிப்பட்டவர்கள் சுலபமாகக் கிடைப்பார்கள்.

வாசிப்பு

ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோவது புதியவர்களின் வழக்கம். மாற்குவில் ஆரம்பியுங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று, 16 நாள். ஒரு அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்கப் பத்து நிமிடம் போதும். அதன்பின் ஐந்து அதிகாரமுள்ள யாக்கோபு, அடுத்து யோவான், அதற்குப் பிறகு ரோமர். கூடவே தினம் ஒரு சங்கீதம். 150 நாளில் முடியும். முழு வேதாகமத்தையும் ஒரு வருடத்தில் முடிக்க ஒரு பழைய கணக்கு உண்டு. மொத்தம் 1,189 அதிகாரம். வார நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து; வாரத்துக்கு 23, ஐம்பத்திரண்டு வாரத்தில் 1,196. முதல் வருடத்திலேயே இதற்கு அவசரப்பட வேண்டாம்.

நேரம் எது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. விடியற்காலை ஜெபம்தான் உயர்ந்தது என்று சொல்வார்கள். காலை ஆறரைக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ் பிடிக்கும் பெண்ணுக்கு அது நடக்காது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம், அல்லது பிள்ளைகள் தூங்கியபின் என்று வைத்துக்கொள்ளலாம். நேரம் எதுவானாலும் இடமும் வேளையும் மாறாமல் இருக்க வேண்டும். ஒரே நிலை என்பது இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பழைய திருப்புதலின் தமிழ் சில இடத்தில் ஏமாற்றும். "கிரியை" என்றால் சாவு வீட்டுச் சடங்கு அல்ல, செயல். "கிரியைகளில்லாத விசுவாசம்" செத்தது என்று யாக்கோபு சொல்வது, செயலில் தெரியாத விசுவாசத்தைப் பற்றி. "நிமித்தம்" என்றால் சகுனம் அல்ல, பொருட்டு. "தரிசித்து நடவாமல், விசுவாசித்து நடக்கிறோம்" என்ற 2 கொரிந்தியர் 5:7-ல் தரிசிப்பது கண்ணால் பார்ப்பதுதான். "சோதனை" சில இடத்தில் துன்பம், சில இடத்தில் பாவத்துக்கு இழுக்கும் ஆசை. புரியாத சொல்லை ஒரு நோட்டில் எழுதி ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பரம்பரைக் கிறிஸ்தவர் பலருக்கும் தெரியாது.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடலாம். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வரிசையில் நின்று ஒரு வசன அட்டை எடுப்பார்கள்; அதுதான் அந்த வருடத்தின் வாக்குத்தத்தம் என்பார்கள். அட்டையை மேசையில் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ராசிபலன் போல வாசித்தால்தான் தப்பு. அதிகம் கைக்கு வரும் வசனங்களில் ஒன்று எரேமியா 29:11, "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" கொடுப்பேன் என்பது. அந்த அதிகாரத்தைத் திறந்து முழுதாக வாசித்துப் பாருங்கள். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதம். ஐந்தாம் வசனம் வீடு கட்டு, தோட்டம் போடு என்கிறது. ஏழாம் வசனம் உன்னைச் சிறையாகக் கொண்டுபோன அந்தப் பட்டணத்துக்காகவே ஜெபம் பண்ணு என்கிறது. பத்தாம் வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அந்த வருடத்துக்குள் நடக்கும் என்று நினைத்து அட்டையை எடுத்தவருக்கு, எழுபது வருஷம் என்பது அட்டையில் இல்லாத செய்தி. எந்த அட்டை வந்தாலும் அதன் முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்துவிட்டு வையுங்கள்.

ஜெபம்

பெரியவர்கள் கூட்டத்தில் ஜெபிக்கும் அலங்காரத் தமிழைப் பார்த்து மிரள வேண்டாம். வீட்டில் பேசும் தமிழே போதும். வடிவம் வேண்டுமென்றால் மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபம் இருக்கிறது; கர்த்தருடைய ஜெபம் என்பார்கள். அதில் ஆகாரத்தைக் கேட்கும் வரி "இன்று" என்ற சொல்லோடு வருவதைப் பாருங்கள். இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குக் கேட்பதுதான் அதன் அளவு.

முதல் மாதம் பத்து நிமிடம் போதும். இரண்டு நிமிடம் நன்றி, இரண்டு நிமிடம் செய்த தப்பு, மூன்று நிமிடம் மற்றவர்களுக்காக, இரண்டு நிமிடம் நமக்காக, ஒரு நிமிடம் சும்மா இருப்பது. கடைசி ஒன்றுதான் கஷ்டம். ஒரு நோட்டில் தேதி போட்டு, கேட்டதை இடது பக்கத்தில் எழுதுங்கள். என்ன ஆயிற்று என்பதை வலது பக்கத்தில் பின்னால் எழுதுங்கள். கிடைத்தது, கிடைக்கவில்லை, வேறு மாதிரி நடந்தது, இன்னும் தெரியவில்லை என்று நான்கு விதமும் வரும். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். கிடைத்ததை மட்டும் சாட்சியாகச் சொல்லி, கிடைக்காததை மறைக்கும் பழக்கம் சபைகளில் உண்டு. உட்கார்ந்து கேட்கும் இன்னொருவருக்குத் தன் விசுவாசம் மட்டும்தான் குறைவு என்று தோன்ற வைப்பது அதுதான்.

அழுகையும் கோபமும் ஜெபத்தில் வரலாம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரை ஆறுதலே இல்லாமல் முடிகிறது. இரண்டும் ஆராதனைப் பாட்டுகள்.

1946-ல் வேலூருக்கு வந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவதைக் கவனித்துக் கண்டது ஒன்று உண்டு. நோய் சதையைத் தின்பதில்லை. நரம்பு செத்து வலி தெரியாமல் போவதால், சுட்ட பாத்திரத்தைத் தொட்டும் ஆணி குத்தியும் புண்ணாகி, அந்தப் புண்ணோடேயே வேலை செய்து விரலை இழக்கிறார்கள். விசுவாசத்திலும் மரத்துப்போன இடம்தான் ஆபத்து. சந்தேகம் வந்தால் அது வலிக்கிற இடம். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மாற்கு 9:24-ல் ஒரு தகப்பன் கதறுகிறான். இயேசு அவனைக் கடிந்து அனுப்பவில்லை, பிள்ளையைச் சுகமாக்கினார். சந்தேகத்தை மூடி மறைத்து "அல்லேலூயா" சொல்லிக்கொண்டே இருப்பவருக்குத்தான் பல வருடம் கழித்து எல்லாம் ஒரே நாளில் உடைகிறது.

உபவாசம் பலர் கேட்பது. முதல் முறை ஒரு வேளை சாப்பாட்டை விட்டால் போதும், தண்ணீர் குடித்துக்கொள்ள வேண்டும். வேலூர் மே மாத வெயிலில் தண்ணீரும் இல்லாமல் வெள்ளிக்கிழமை உபவாசக் கூடுகையில் தகரக் கூரையின்கீழ் உட்காருவது மயக்கத்தில்தான் முடியும். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர் உபவாசம் இருக்க வேண்டாம். மருந்தைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டை விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், நினைவு தப்புதல் வரும். அதை ஆவியின் அசைவு என்று நினைத்துச் சுற்றி நின்று பாடிக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. முழு நினைவோடு இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும்; நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும்.

வியாதி வந்தால்

நாடு முழுவதிலுமிருந்து ஜனங்கள் வைத்தியத்துக்கு வந்து இறங்கும் ஊரில் இதைச் சொல்ல வேண்டியிருப்பதே விநோதம்தான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் "விசுவாசத்தில்" மருந்தை நிறுத்துகிறார்.

யாக்கோபு 5:14 வியாதிப்பட்டவன் சபையின் மூப்பரை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணட்டும் என்கிறது. கட்டாயம் கூப்பிடுங்கள். அதே வேதாகமத்தில் லூக்கா "பிரியமான வைத்தியன்" (கொலோசெயர் 4:14). தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று பவுல் மருந்து சொல்கிறார் (1 தீமோத்தேயு 5:23). தன்னோடு இருந்த துரோப்பீமுவை வியாதியோடே மிலேத்துவில் விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தன் உடம்பிலிருந்த, "முள்" என்று அவர் சொன்ன உபாதை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டும் பவுலுக்கு வந்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்". பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே "சுகம் கிடைக்கவில்லையா? உன் விசுவாசம் போதாது" என்று ஒருவர் சொன்னால், அவர் இந்த நான்கு இடத்தையும் வாசிக்கவில்லை.

மருந்து விஷயத்தில் துல்லியமாக இருக்க வேண்டும். காசநோய்க்கு வழக்கமான மருந்து ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று உடம்பு தேறும். "சாட்சி" சொல்லிவிட்டு மாத்திரையை நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரும், வீட்டிலுள்ளவர்களுக்கும் பரவும். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் முன்பைவிட நீண்ட வலிப்பு வரலாம். சிறுவயதிலேயே வந்த சர்க்கரைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளிலேயே உயிர் போகும். மனநோய் மருந்தும் அப்படித்தான். குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று ஒருவர் சொன்னால் பிசாசு ஓட்டும் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போகாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வேலூர் பாகாயத்திலேயே சி.எம்.சி.யின், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் மனநல மையம் இருக்கிறது. சுகமாகிவிட்டது என்று உறுதியாகத் தோன்றினால் செய்ய வேண்டியது ஒன்றே: மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்து, அவர் சொல்லி நிறுத்துவது. உண்மையான சுகம் எந்த ரத்தப் பரிசோதனைக்கும் பயப்படாது.

அந்த ஆஸ்பத்திரி தொடங்கியதே ஒரு பாடம். ஐடா ஸ்கடர் மிஷனரியாகும் எண்ணமில்லாமல் இருந்த பெண். பெண் மருத்துவர் இல்லாததால் ஒரே இரவில் மூன்று பிரசவப் பெண்கள் இறந்ததைப் பார்த்தபின் மனம் மாறினார். மாறியவர் உடனே கட்டிடத்துக்குப் பூஜ்யத்திலிருந்து "விசுவாசித்து" நிற்கவில்லை. அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்து 1899-ல் பட்டம் வாங்கி, நன்கொடை திரட்டி, 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கினார். அதே வருடம் உடனிருந்து வழிகாட்ட வேண்டிய தகப்பனும் இறந்துபோனார். செவிலியர் பள்ளி 1909-ல், மருத்துவப் பள்ளி 1918-ல். ஜெபித்தார், படித்தார், கணக்கு எழுதினார், காத்திருந்தார். விசுவாசத்துக்கும் முன்னேற்பாட்டுக்கும் நடுவே சுவர் கட்டுபவர்கள் இந்த வருடங்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம்.

பணம்

மாதம் 12,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, 1,200. கொடுக்கலாமா? வாடகையும் குழுக் கடன் தவணையும் போக வீட்டில் அரிசிக்கே இழுபறி என்றால், கடனைக் கட்டாமல் தசமபாகம் போடுவது அடுத்தவர் பணத்தைக் காணிக்கையாகப் போடுவது. 2 கொரிந்தியர் 9:7 சொல்லும் அளவு சதவீதம் அல்ல: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல. 300 ரூபாயில் ஆரம்பித்து, கடன் குறையக் குறைய ஏற்றிக்கொள்ளலாம். 1 கொரிந்தியர் 16:2-ல் பவுல் சொல்லும் முறை எளிது: வாரத்தின் முதல் நாளில் வரவுக்குத் தக்கபடி தனியாக எடுத்து வைப்பது. சம்பளம் வந்த அன்றே ஒரு கவரில் போட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் மிச்சத்தைக் கொடுப்போம் என்றால் மிச்சம் இருக்காது. தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதைக் காணிக்கை என்று சொல்லித் தப்பிப்பதை இயேசு மாற்கு 7:11-ல் கொர்பான் என்ற பெயரைச் சொல்லியே கண்டித்தார்.

"ஆயிரம் விதை, நூறு மடங்கு அறுவடை" என்று கேட்கும் விதைக் காணிக்கை வேறு ரகம். லாபம் எதிர்பார்த்துப் போடுவது சீட்டுக் கம்பெனியில் போடுவது மாதிரி. அதற்குக் காணிக்கை என்று பெயர் வைக்க முடியாது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் கௌரவத்துக்காகக் கடன் வாங்கி ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுப்பதும் வேண்டாம்.

வேலையை விட்டுவிட்டுக் கர்த்தர் நடத்துவார் என்று உட்காரலாமா என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று 2 தெசலோனிக்கேயர் 3:10 சொல்கிறது. கூடாரம் தைத்துச் சம்பாதித்த பவுல் எழுதியது அது. காப்பீடு எடுப்பதும் வருங்கால வைப்புநிதியும் அவிசுவாசம் அல்ல.

வீடும் உறவும்

வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் கிறிஸ்தவர் என்றால் முதல் ஆறு மாதம் வாயை விட நடத்தை அதிகம் பேச வேண்டும். சாமி படத்தைக் கழற்றுவது, பொங்கலன்று முகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் உட்காருவது எல்லாம் விசுவாசத்தின் அளவுகோல் ஆகிவிடாது. வழிபாட்டில் கலந்துகொள்ள முடியாது என்பதை அம்மாவிடம் முன்கூட்டியே, தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். மற்ற வேலையை வழக்கத்தைவிடக் கூடுதலாகச் செய்யுங்கள்: கரும்பு வாங்கி வருவது, வீடு வெள்ளையடிப்பது, விருந்தாளிகளுக்குப் பரிமாறுவது. படைத்த உணவைப் பற்றி 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களில் பவுல் நீளமாகப் பேசுகிறார். உங்கள் மனச்சாட்சியோடு பக்கத்திலிருப்பவனின் மனச்சாட்சியையும் பார் என்பது அங்கே முக்கியம். அப்பாவோ பெரியப்பாவோ இறந்தால் கடைசி வரை கூடவே நில்லுங்கள். கொள்ளி வைப்பது போன்ற சடங்கில் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்பதைச் சாவு வீட்டில் அல்ல, அதற்கு முன்பே அண்ணன் தம்பிகளோடு பேசி வைக்க வேண்டும்.

ஞானஸ்நானத்துக்கு அவசரம் வேண்டாம். நிதானமான சபை சில மாதம் பாடம் எடுத்தபின்தான் கொடுக்கும். ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதி ஆணைப்படி கிறிஸ்தவராக மாறியவர் பட்டியல் சாதியாகக் கருதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ்தான். இது அநியாயம் என்று தலித் கிறிஸ்தவர்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். அது தனி. ஆனால் பிள்ளையின் படிப்பும் வேலையும் சம்பந்தப்பட்ட இந்த விவரத்தைச் சொல்லாமல் ஒருவரைத் தண்ணீருக்குள் இறக்குவது போதகர் செய்யக் கூடாத வேலை. தெரிந்து, வீட்டாரோடு பேசி, விலையை எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். கோபுரம் கட்டுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று லூக்கா 14:28-ல் இயேசுவே சொல்லியிருக்கிறார்.

வறண்ட நாட்கள்

வந்தே தீரும். முதல் வருடத்தின் கடைசிப் பகுதியிலோ, ஒரு பெரிய ஜெபம் கேட்கப்படாமல் போன பின்போ வரும். பாட்டு ஒட்டாது, வசனம் எழுத்தாக மட்டும் தெரியும். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். ஆனாலும் இந்த ஊர்கள் அந்த மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்து வாழ்ந்த ஊர்கள்.

அந்த நாட்களில் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம்; நாற்பது நாள் உபவாசம், சபை மாற்றம், பெரிய பொருத்தனை எதுவும் வேண்டாம். இருப்பதைச் சுருக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட ஜெபம் முடியவில்லையா, கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் சொல்லுங்கள், அரை நிமிடம் ஆகும். அதிகாரம் முடியவில்லையா, ஒரு சங்கீதம். தூக்கம் கெட்டு, பசி போய், சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அது ஆவிக்குரிய வறட்சி மட்டும் அல்ல. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தானியேல் 3-ல் எரிகிற சூளைக்கு முன் நின்ற மூன்று பேர், எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்று சொன்ன கையோடு "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் வறண்ட நாள் கடினமாக இருக்கும்.

சபைக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது, திரும்பிப் போக வெட்கமாக இருக்கிறது என்றால் ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்து, "அண்ணே, நாளைக்கு வர்றேன், வாசல்ல நில்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். பின்வரிசையில் உட்காரலாம். பாட முடியாவிட்டால் மற்றவர்கள் பாடட்டும். காணிக்கைப் பை வரும்போது வெறுங்கையாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்கள். திருவிருந்து இருக்கும் ஞாயிறாக இருந்து, நீங்கள் ஞானஸ்நானம் பெற்றவராகவும் இருந்தால், எழுந்து போய்க் கையை நீட்டுங்கள்.